பேயின் குரல்

ஒரு பாட்டைப் பின்னால் வருகிறவர்கள் எப்படியும் பாடலாம், மெட்டைக்கூட மாற்றலாம். ஆனால் பாடுகிறவள் யார் என்பதை மாற்றிவிட்டால் அது வேறு பாட்டு.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையை ஒட்டி டபிள்யூ. சி. ஹாண்டி 1914-இல் வெளியிட்டது 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்'. 1925-இல் பெஸ்ஸி ஸ்மித் பாடிய இசைத்தட்டில், கைவிடப்பட்ட ஒரு பெண் நம் எதிரே வந்து உட்கார்ந்துகொள்கிறாள். இரண்டாம் உலகப் போரின்போது கிளென் மில்லரின் ராணுவ வாத்தியக் கோஷ்டி அதையே அணிவகுப்பு இசையாக்கிற்று. கால்கள் நடந்தன, அந்தப் பெண்ணைக் காணோம்.

நம் காரைக்கால் அம்மையாருக்கும் இதுதான் நேர்ந்தது. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. தேவார மூவருக்கும் முந்தியவை. சுடுகாட்டில் இறைவன் ஆடுவதைப் பார்த்துப் பாடுகிறவள், தன்னைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொள்கிறாள். மாங்கனியைப் பற்றியோ கணவன் பரமதத்தனைப் பற்றியோ அவள் பாடல்களில் பேச்சே இல்லை.

அந்தக் கதையை விரித்துப் பாடியவர் 12-ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார். கணவனுக்காகத் தாங்கிய சதையை உதறிவிட்டு அவள் பேயுருவைக் கேட்டு வாங்கியதையும் அவர் ஒளிக்கவில்லை. ஊரார் மாங்கனியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஆனிப் பௌர்ணமியில் பிட்சாடனர் வீதியுலா வரும்போது, காரைக்காலில் மாடிகளிலிருந்து மாம்பழம் இறைக்கிறார்கள். பிரெஞ்சு ஆட்சி 1954-இல் போயிற்று, மாம்பழம் போகவில்லை.

ஏ. பி. நாகராஜனின் 'காரைக்கால் அம்மையார்' படம் 1973-இல் வந்தது. அதில் கே. பி. சுந்தராம்பாளின் வெண்கலக் குரல் யாரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். ஆனாலும் அது பக்தியில் பழுத்த பாட்டியின் குரல். பாட்டியைக் கும்பிட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம். பேய் அப்படி விடாது.

ஓதுவார்கள் சொல்லை மாற்றுவதில்லை. முதற்பதிகத்தின் பண் நட்டபாடை. இன்று அதைக் கம்பீர நாட்டையில் பாடுகிறார்கள். சுவாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரம் மல்லாரி வாசிக்கிற ராகம். மயானத்துக்கு மங்கள ராகமா என்று கேட்கலாம். எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது. அவள் கண்ணுக்கு அந்தச் சுடுகாடுதானே சந்நிதி! ராகத்தின் கம்பீரம் சொல்லின் கோரத்தை மூடக்கூடாது, தாங்க வேண்டும். பாடுகிறவர் ராகத்தின் அழகிலேயே மயங்கி நின்றுவிடாமல், வற்றி உலர்ந்த அந்தச் சொற்களையும் நம் காதில் விழவைத்தால் போதும். பேய் தானே வந்து நிற்கும்.