பாறை தேடுபவர்களின் குறிப்புகளில் என்ன குறை?

பெங்களூரில் பாறை ஏறுகிறவர்கள் பெரும்பாலும் அதே நாலைந்து இடங்களைத்தான் சுற்றி வருகிறோம். கனகபுரா ரோடு பக்கம் துரஹள்ளி, ஊரைத் தாண்டினால் சாவனதுர்கா, ராமநகரம். பாறைக்குப் பஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். ராமநகரத்தின் பழைய பெயர் குளோஸ்பேட். அந்தப் பெயரிலேயே புவியியல்காரர்கள் அழைக்கும் கிரானைட் பட்டை, சுமார் 250 கோடி ஆண்டு வயசானது, தெற்கு வடக்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகிறது. பஞ்சம் தகவலுக்குத்தான். இருக்கிற தகவலும் எப்படி எழுதப்படுகிறது என்பதில் எனக்கு ஒரு பெரிய புகார் உண்டு.

அதிகம் தெரியாத ஒரு பாறையைப் பற்றிய குறிப்பை எடுத்துப் பாருங்கள். கிரேடு இருக்கும், நட்சத்திரம் இருக்கும், எத்தனை போல்ட் என்று இருக்கும். வண்டி நிறுத்தும் இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி ஆறு தசம இடம் வரைக்கும் இருக்கும். 6ஏ பிளஸ்ஸா 6பி-யா என்று இரண்டு பேர் சண்டை போட்டிருப்பார்கள். சரிவான கிரானைட்டில் காலை ஏழு மணிக்கு ஒட்டுகிற ஷூ பதினொரு மணி வெயிலில் வழுக்கும். அதில் அந்த பிளஸ்ஸுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு இன்னும் புரியலை. நட்சத்திரம் இன்னும் மோசம். யாரும் போகாத பாறைக்கு நட்சத்திரம் போட்டவர் அநேகமாக அதை முதலில் ஏறியவரே. தன் பிள்ளைக்குத் தானே மார்க் போடுகிற கதை.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு என்னை விட முடியாது. நான் தேடுவது நிழலை வைத்து. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் நம்ம பக்கம் சமஉயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டருக்கு ஒன்று. 15 மீட்டர் சுவர் இரண்டு கோட்டுக்கு நடுவில் காணாமல் போய்விடும். 30 மீட்டர் கட்டங்களாக வரும் இலவச உயரத் தரவிலும் அப்படித்தான், செங்குத்துச் சுவர் சறுக்குமரம் ஆகிவிடும். ஆனால் செயற்கைக்கோள் படங்கள் பெரும்பாலும் காலை பத்தரை மணி வாக்கில் எடுக்கப்படுபவை. டிசம்பரில் அந்த நேரம் பெங்களூரில் சூரியன் தென்கிழக்கே ஏறக்குறைய 45 டிகிரியில் நிற்கும். சமதரையில் விழும் நிழலின் நீளம்தான் சுவரின் உயரம். கால்குலேட்டரே வேண்டாம்!

இந்த முறையின் ஓட்டை எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. நிழல் வடமேற்கே விழுவதால் அந்தப் பக்கத்துச் சுவர்கள் மட்டும்தான் என் பட்டியலில் சேர்ந்துகொண்டே வந்தன. தென்கிழக்குச் சுவர்கள் வெயிலில் பளிச்சென்று, தட்டையாக, ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். 45 டிகிரிக்குக் குறைவான சரிவுக்கு நிழலே கிடையாது. இந்த முறையை மட்டும் நம்பியிருந்தால் சாவனதுர்காவின் சரிவுகளில் பாதி எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அதைவிடப் பெரிய ஓட்டையைக் காட்டியவர் ஒரு ஆடு மேய்ப்பவர். போன வருஷம் டிசம்பர், என் பதினான்கு வயசுப் பையனுடன் ஒரு சுவருக்குப் போயிருந்தேன். நிழல் கணக்குப்படி 22 மீட்டர். நண்பர் அனுப்பிய பழைய பிடிஎஃப்-லயும் இருந்தது, "அருமையான பாறை, விரிசல் நன்று" என்று. நான் மேலே ரோப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறேன், பையன் கீழே ஹார்னஸ் மாட்டி நிற்கிறான். தூரத்திலிருந்து ஒருவர் கையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தார். மூச்சு வாங்க அவர் சொன்னதில் எனக்கு உடனே புரிந்த சொல் ஒன்றுதான்: "ஜேனு." தேன். சுவரின் மறுபுறம் துருத்திக்கொண்டிருந்த பாறைக்கு அடியில் மூன்று கூடுகள், மலைத்தேனீ. எங்கள் ரோப்பிலிருந்து பத்தடி இருக்குமா என்பதே சந்தேகம்.

மேலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் பாறையின் அடிவயிறு தெரியாது. மலைத்தேனீ பருவத்துக்குப் பருவம் இடம் மாறும், ஆகவே பிடிஎஃப் எழுதியவர் போன மாதத்தில் கூடு இல்லாமலே இருந்திருக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்த மாதம் போனார் என்று ஒரு வார்த்தை இல்லை. மேய்ப்பவரிடம் பேசினாரா என்றும் இல்லை. என் கோபம் அந்த இரண்டு வரி மேல்தான்.

பாறையை மதிப்பிடுவது என்றால் முதலில் கையை மடக்கித் தட்ட வேண்டும். கிரானைட் வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாக உரியும். 'டொப்' என்று வந்தால் உள்ளே காற்று. கருப்புக் கோடுகள் மழைத்தண்ணீர் வழிந்த தடம், கல் உறுதியாகவே இருந்தாலும் ஈரத்தில் கால் நிற்காது. விளிம்புகளுக்குக் கீழே வெள்ளைக் கோடு தெரிந்தால் பறவை எச்சம், மேலே கூடு இருக்கலாம். 'ஷோலே' எடுத்த ராமதேவர பெட்டாவில் கூடு கட்டுவது கருங்கழுத்துப் பாறு, நாட்டில் அழிவின் விளிம்புக்குப் போன கழுகு. 2012-ல் அந்த மலையைச் சரணாலயமாக அறிவித்தார்கள். அது முட்டையிடும் குளிர்காலம்தான் நமக்கும் ஏற நல்ல காலம் என்பது சங்கடமான உண்மை. இதை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. கிரேடுக்கு மட்டும் பிளஸ் மைனஸ் வரைக்கும் இடம் உண்டு.

பாறையை வெளியில் சொல்லவே கூடாது என்று ஒரு கட்சி இருக்கிறது. கூட்டம் வந்தால் தோட்டக்காரர் வழியை அடைத்துவிடுவார் என்ற பயம் நியாயம்தான். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. ரகசியமாக வைத்த பாறையை ஒருநாள் குவாரி தின்றுவிட்டுப் போனால் கேட்க ஆள் இருக்காது. சொல்லலாம், முழுசாகச் சொல்ல வேண்டும்.

என் எக்செல் ஷீட்டில் இப்போது கிரேடு கடைசிக் காலத்துக்குப் போய்விட்டது. முதலில் போன மாதம், அடுத்து யாரிடம் கேட்டேன், அடுத்து தட்டினால் என்ன சத்தம். அந்த 22 மீட்டர் சுவருக்கு எதிரே "டிசம்பர். ஆடு மேய்ப்பவர். தேன். ஏறவில்லை" என்று இருக்கிறது. ஜூலையில் அவரைப் போய்ப் பார்க்கணும்.