ஐந்து பக்க ஜெராக்ஸும் இருபது பக்க ஜெராக்ஸும்

ஆபீஸ்களில் நடக்கும் ‘சாஃப்ட் ஸ்கில்ஸ்’ வகுப்புகளில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு ஆராய்ச்சி உண்டு. ஒருவர் ஜெராக்ஸ் எடுக்கப் போகும் நேரத்தில் இன்னொருவர் வந்து, ‘நான் முதல்ல எடுத்துக்கலாமா?’ என்று கேட்கிறார். வெறுமனே கேட்டால் 60 சதவீதம் பேர் சரி என்றார்கள். ‘ஏன்னா எனக்கு அவசரம்’ என்று சேர்த்தால் 94. ‘ஏன்னா நான் காப்பி எடுக்கணும்’ என்று காரணமே இல்லாத காரணத்தைச் சொன்னாலும் 93! ஆகவே எதைக் கேட்டாலும் ஒரு ‘ஏன்னா’ போடுங்க, வேலை நடக்கும் என்பது பாடம்.

இந்தப் பாடம் ஆராய்ச்சியின் முதல் பாதி மட்டுமே. எலன் லாங்கரும் இரண்டு சகாக்களும் 1978-ல் வெளியிட்ட கட்டுரை இது. கேட்டவரிடம் சில சமயம் 5 பக்கம், சில சமயம் 20 பக்கம் இருந்தது. எதிரில் இருப்பவரிடம் உள்ளதைவிட அது குறைவு என்றால் சின்ன உதவி, அதிகம் என்றால் பெரிய உதவி. மேலே சொன்ன எண்கள் சின்ன உதவிக்கானவை. பெரிய உதவியில் வெறுமனே கேட்டபோது 24 சதவீதம். வெற்றுக் காரணத்துக்கும் அதே 24. உண்மையான காரணத்துக்கு மட்டும் 42. மொத்தமே 120 பேரை ஆறு பிரிவாகப் பிரித்த சோதனை என்பதால் எண்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் திசை தெளிவு: தனக்கு நஷ்டம் என்று தெரிந்தால் மனுஷன் விழித்துக்கொள்கிறான். கட்டுரையின் விஷயமும் அதுதான். அடுத்தவரைச் சம்மதிக்க வைப்பது எப்படி என்பதல்ல, நாம் எப்போது கவனமில்லாமல் நடந்துகொள்கிறோம் என்பது.

யோசித்துப் பார்த்தால், ஆபீஸில் முக்கியமான கோரிக்கை எல்லாமே இருபது பக்க ரகம். ரிலீஸைத் தள்ளிப்போடணும், பழைய கோடைத் திரும்ப எழுத ஒரு மாதம் வேணும் என்பதற்கெல்லாம் வார்த்தை ஜாலம் போதாது.

இன்னொன்றும் இருக்கிறது. ‘சனிக்கிழமை வரணும், ஏன்னா வேலை இருக்கு’ என்று மேனேஜர் சொன்னால் டீம் முழுக்க வருகிறது. இதுவும் ‘ஏன்னா நான் காப்பி எடுக்கணும்’ மாதிரியான காரணம்தானே? ஆனாலும் வருகிறார்கள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் முடியாது என்று சொல்லிவிட்டுப் போகலாம். அப்ரைசலை எதிர்பார்த்திருப்பவரால் முடியாது. அந்தத் தலையாட்டலைத் தன் பேச்சுத்திறமை என்று மேனேஜர் நினைத்துக்கொண்டால், உண்மையான ஆட்சேபணை அவர் காதுக்கு வரவே வராது. வகுப்பு சொல்லித்தரும் தந்திரம் செய்யும் பெரிய கெடுதல் இது.

படைப்பூக்கம் பற்றிய வகுப்புகளும் இப்படித்தான். ‘பிரெயின்ஸ்டார்மிங்’ என்ற முறையைப் பரப்பியவர் விளம்பரக் கம்பெனிக்காரரான அலெக்ஸ் ஆஸ்போர்ன். கூடி உட்கார்ந்து யோசித்தால் ஐடியா கொட்டும் என்பது அவர் வாதம். 1958-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். நான்கு பேர் கூடி யோசித்ததைவிட, நான்கு பேர் தனித்தனியே யோசித்ததைச் சேர்த்தபோது அதிக ஐடியாக்கள் கிடைத்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் தன் முறைக்காகக் காத்திருப்பது முக்கியத் தடை என்று 1987-ல் டீல், ஸ்ட்ரோபே இருவரும் காட்டினார்கள். அந்த அறையில் மேனேஜரும் இருந்து, முதல் ஐடியாவை அவரே சொல்லிவிட்டால்? மீதிப் பேர் அதற்கு மெருகு போடுவார்கள், அவ்வளவுதான்.

மாற்று வழிகளுக்குப் பெரிய பயிற்சி தேவையில்லை. மீட்டிங்குக்கு முன்னாடியே அவரவர் ஐடியாவை எழுதித் தரட்டும். பெரிதாக ஒன்றைக் கேட்கும்போது, எதிராளி சரிபார்க்கக்கூடிய காரணத்தைச் சொல்லுங்கள்: எந்த பக், எத்தனை நாள், செய்யாவிட்டால் என்ன உடையும். அவருக்கு என்ன நஷ்டம் என்பதையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் அவர் முடியாது என்றால், அந்த ‘முடியாது’வில் நமக்குத் தெரியாத ஏதோ ஒரு தகவல் இருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதையும் இந்த வகுப்புகளில் சொல்லித்தரலாம்.