தொழிற்பாட்டாராய்ச்சியும் பன்மை நெறியும்

ஒரு துறையின் பிறப்பினை ஆராய்வார்க்கு அதன் பின்னைய நிறைகுறைகள் எளிதிற் புலனாகும். தொழிற்பாட்டாராய்ச்சி போர்க்காலத்தில் உருப்பெற்ற துறை. ஒரு செயலை நடத்துவோர் தக்க முடிவு காண்பதற்கு விஞ்ஞான முறையால் துணைபுரிதலே அதன் நோக்கம். 1940 ஆம் ஆண்டிலே பிரித்தானியாவின் விமான எதிர்ப்புப் படைக்கு உதவும்பொருட்டுப் பௌதிகவியலறிஞர் பற்றிக் பிளாக்கெற் திரட்டிய குழுவில் உடற்றொழிலியலார், கணிதவியலார், வானியற் பௌதிகவியலார், நிலவளவையாளர், படை அலுவலர் எனப் பல திறத்தாரும் ஒருங்கிருந்தனர். ஆதலின் பன்மை என்பது இத்துறைக்குப் பின்னர் வந்த அணியன்று, உடன்பிறந்த இயல்பாகும். எனினும் அஃது அறிஞரின் பன்மையே. வினாவை வகுத்தோர் படைத்தலைவர். விடை கண்டோர் அறிஞர்.

போர்க்காலத்தில் இப்பிரிவினை பெருந் தீங்கு விளைக்கவில்லை. வணிகக் கப்பல்களைச் சிறு கூட்டங்களாகவன்றிப் பெருங் கூட்டங்களாக அனுப்பின் இழப்புக் குறையும் என்று அவ்வறிஞர் காட்டினர். கூட்டம் பெருகும்போது அதன் பரப்புப் பெருகுமளவிற்குச் சுற்றளவு பெருகுவதில்லை; ஆகவே, காவற்கப்பல் சிலவே போதியனவாயின. கப்பல்கள் மூழ்கலாகாது என்பதில் அங்கு எவர்க்கும் கருத்து வேறுபாடில்லை. நோக்கம் ஒன்றாயவிடத்துக் கணிதம் வெல்லும்.

சமுதாய வாழ்விலோ நோக்கமே வழக்கிற்குரியது. ஒரு குடியிருப்பினைத் திருத்துதல் என்பது நகரசபைக்கு ஒரு பொருள். நிலவுடைமையாளர்க்கு மற்றொரு பொருள். அங்கு வாடகைக்கு வாழ்வோர்க்கு வேறொரு பொருள். இதனை உணராது, போருக்குப் பின் வளர்ந்த நேர்கோட்டுத் திட்டமிடல் முதலாய கணித நுட்பங்களையே பற்றிநின்ற துறையினரை றசல் அக்கொவ் 1979 இல் வன்மையாகக் கண்டித்தார். இத்துறையின் எதிர்காலம் கழிந்துபோயிற்று என்னும் கருத்தினை அவர் தம் கட்டுரைக்குத் தலைப்பாகவே இட்டார். 1981 இல் வெளிவந்த நூலிற் பீற்றர் செக்லண்ட், மாந்தர் தத்தம் நோக்கிற் காணும் உலகங்களை ஒப்பிட்டு உரையாடும் மென்முறையினை விரித்துரைத்தார். இவ்வாறு முறைகள் பலவாகவே, எதனை எங்கு ஆளுவது என்னும் வினா எழுந்தது. 1984 இல் ஜாக்சன், கீஸ் என்னும் இருவர் சிக்கலின் தன்மையையும், அதில் ஈடுபட்டோரின் உடன்பாட்டையும் கொண்டு முறைகளை வகைப்படுத்தினர். 1991 இல் பிளட், ஜாக்சன் ஆகியோர் பன்முறைத் தலையீட்டுக்கு ஒரு முழு நெறியே வகுத்தனர்.

இவ்வகைப்பாடு பெரும்பயனுடையதே, ஒரே மருந்தால் எந்நோயையும் தீர்க்க முயலும் பேதைமையை அது நீக்கிற்று. ஆயினும் இங்கும் ஒரு குறை எஞ்சிநிற்கின்றது. உடன்பாடு உண்டா இல்லையா என்று தீர்ப்பவர் யார்? அதுவும் அறிஞரே எனின், எளியோர் வாய்திறவாதவிடத்தில் அவர் உடன்பாட்டையே காண்பர். மௌனம் உடன்பாடாகாது. கருவிகள் பலவாயினும் அவற்றைத் தெரிந்தெடுக்கும் கை ஒன்றேயாயின் அது பன்மையாகாது.

முறைகளின் பன்மைக்கும் குரல்களின் பன்மைக்கும் உள்ள இவ்வேறுபாட்டினை விளக்க ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் அயலிலுள்ள மான்ருவா என்பது அக்காலத்தில் வறிய கறுப்பின மக்களின் குடியிருப்பு. அங்கு மேற்கொண்ட பணியினை அக்கொவ் 1970 இல் வெளியிட்டார். அவர் ஆயத்த தீர்வெதனையும் கொண்டு செல்லவில்லை. செய்யவேண்டியது யாது என்பதைக் குடியிருப்பின் தலைவர்களே தீர்மானித்தனர். பல்கலைக்கழகத்தார் அவர்கள் வேண்டியபோது துணைநின்றனர். குடியிருப்பு, பல்கலைக்கழகத்தின்மேல் நடத்திய ஆராய்ச்சி என்றே அக்கட்டுரை பெயர் பெற்றது. ஆராய்வோரும் ஆராயப்படுவோரும் இடம் மாறினர் என்பதே அப்பெயரின் உட்பொருள். இங்கு நுட்பம் சிறிது, குரலுரிமையோ பெரிது.

இவ்விரு பன்மைகளையும் இணைக்க முயன்றவருள் ஜெரால்ட் மிட்ஜ்லி குறிப்பிடத்தக்கவர். எதனை ஆய்வுக்குள் அடக்குவது, எதனைப் புறத்தே விடுவது என்னும் எல்லை வகுப்பிலேயே யாருடைய நன்மை பேணப்படும் என்பது பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. சேர்ச்மன் தொடக்கிய இக்கருத்தினை வேர்னர் உல்றிக் 1983 இற் பன்னிரண்டு வினாக்களாக அமைத்தார். மிட்ஜ்லி 2000 ஆம் ஆண்டு நூலில் இவ்வெல்லை விசாரணையைப் பன்முறை நெறியோடு பொருத்தினார். மான்செஸ்ரர் நகரத் தெருக்களில் வாழ்ந்த, பதினாறு வயது நிரம்பாத இளையோருக்கான சேவைகளை வகுத்தபோது அவரும் உடனுழைத்தாரும் இளையோரையும் நேர்கண்டு அவர்தம் கருத்தறிந்தனர். அலுவலர் முன்னிலையில் அவர்கள் நாவடங்காதவாறு தனி அரங்கில் திட்டமிடச் செய்தனர். செக்லண்டின் சித்திர முறை, உல்றிக்கின் வினாக்கள், அக்கொவின் திட்டமிடல், நிறுவன அமைப்புக்கு ஸ்ரபோர்ட் பீயரின் மாதிரி ஆகியன தத்தமக்குரிய இடத்தில் ஆளப்பட்டன. முறைகளை ஒழுங்குபடுத்தியது அறிஞர்தம் விருப்பன்று. யாருடைய குரல் அமுங்கும் என்னும் அச்சமே.

வேறுபட்ட தத்துவ அடிப்படையுடைய முறைகளைக் கலத்தல் பொருந்தாது என்பார் உளர். அவர் கூற்று முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. அடிப்படை அறியாது கலப்பவன் முறைகளின் உயிரைக் கெடுப்பான். ஆயினும் சிக்கல்கள் தத்துவப் பிரிவுகளைப் பார்த்துப் பிறப்பனவல்ல. இதனினும் வலிய தடை ஒன்றுண்டு. எளியோர் கருத்தைக் கேட்டலும் அதனை நிறைவேற்றலும் ஒன்றல்ல. பணமும் சட்டவதிகாரமும் வேறோரிடத்தில் இருக்கும்வரை, கேட்கப்பட்டோர் கேட்கப்பட்டவராகவே நின்றுவிடல் கூடும். எல்லை விசாரணை இத்தடையைக் காட்டும். நீக்கும் ஆற்றல் அதற்கில்லை. பன்மைநெறியாளர் தம் நெறியின் வெற்றியை மிகைப்படுத்துமிடத்து இதனை மறந்துவிடுகின்றனர்.

ஆகவே, ஒரு தலையீடு பன்மையுடையதா என்பதை அறிய, அதிற் பயின்ற முறைகளை எண்ணிப் பயனில்லை. வினாவை வகுத்தோர் யார், விடையை மறுக்கும் உரிமை பெற்றோர் யார் என்னும் இரண்டினையும் வினவுதல் வேண்டும். பிளாக்கெற்றின் குழுவினர் விடைகாண்பதிற் பன்மையைக் கைக்கொண்டனர். பின்வந்தோர் முறைகளிற் கைக்கொண்டனர். வினாவெழுப்பும் உரிமையிலும் அது நிலைபெறுமாயின், அன்றே இத்துறை சமுதாயத்துக்கு உரியதாகும்.