மறைப்பணியாளர் தமிழ் கற்ற முறை: ஒரு மதிப்பீடு

கிறித்தவ மறைப்பணியாளர் தமிழுக்கு ஆற்றிய தொண்டு குறித்து எழுந்த நூல்கள் பல. அத்தொண்டினை அச்சு, அகராதி, இலக்கணம், உரைநடை எனத் துறைவாரியாக வகுத்துரைப்பது நம்மிடையே மரபாகிவிட்டது. ஆயின் இந்நூல்கள் பெரும்பாலும் அவர்கள் எழுதியவற்றையே பேசுகின்றன. யாரிடம், எவ்வாறு தமிழ் கற்றனர் என்பதனை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. 'சில திங்களில் தமிழில் தேர்ந்தார்' என்னும் புகழுரை கற்றவரின் ஆற்றலை உயர்த்துகிறது, கற்பித்தவரை மறைத்துவிடுகிறது. இக்குறையினைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கும் அவர்தம் தோழர் புளூச்சோவும், முதிய ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பயின்றனர். எழுத்தும் சொல்லும் கைவந்தன, பொருள் விளங்கவில்லை. அவ்வாசிரியர் ஐரோப்பிய மொழி எதனையும் அறியார். ஆகவே போர்த்துக்கீசியம் முதலிய மொழிகளை அறிந்த அழகப்பன் என்பாரின் துணை வேண்டியதாயிற்று. 1716இல் ஹாலே நகரில் அச்சான தமிழ் இலக்கண நூல் சீகன்பால்கின் பெயரால் வழங்குகிறது. அதன் பின்னே இவ்விருவரின் உழைப்பும் உண்டு என்பது மறத்தற்குரியதன்று.

கால்டுவெல் குடும்பம் வேறொரு நிலையினைக் காட்டுகிறது. 1838இல் சென்னைக்கு வந்து, 1841இல் இடையன்குடியில் பணி தொடங்கிய கால்டுவெல், 1844இல் எலைசாவை மணந்தார். எலைசா, 1819 முதல் நாகர்கோவிலில் பணியாற்றிய சார்லசு மால்ட்டின் மகள். கணவர் முயன்று கற்ற மொழி, மனைவியின் பிறந்தகத்தைச் சூழ்ந்து வழங்கிய மொழியாகும். இடையன்குடியில் பெண்பிள்ளைகளுக்குக் கல்வியும் பின்னல் வேலையும் கற்பித்தவர் எலைசாவே. பெண்டிரும் சிறாரும் பேசும் தமிழ் அவ்வீட்டினுள் நுழைந்த வாயில் அவர் எனக் கருத இடமுண்டு. 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் பேச்சு வழக்கினையும் சான்றாகக் கொள்கிறது. அந்நூலின் எப்பகுதி எலைசாவால் அமைந்தது எனப் பிரித்துக் காட்டல் இயலாது. எனினும், அவரை 'கால்டுவெல்லின் துணைவியார்' என்னும் ஒரு தொடரில் நிறுத்திவிடும் வரலாறு நிறைவுடையதாகாது.

கேட்டுக் கற்றவர் பேச்சு மொழியையும் பதிவு செய்தனர் என்பதற்கு அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ் - போர்த்துக்கீசிய அகராதி தக்க சான்று. 1679இல் அம்பலக்காட்டில் அச்சான அது, நிகண்டுகள் கொள்ளாத வழக்குச் சொற்களையும் கொண்டது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்றிருந்த தனிநாயகம் அடிகள் 1966இல் அதனைக் கோலாலம்பூரில் மீள்பதிப்பித்தார். உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு முதன்முதலாக இந்நகரில் கூடிய ஆண்டும் அதுவே.

தமிழ் கற்ற அயலார் அனைவரையும் ஒரே தட்டில் வைத்துப் போற்றுதலும் தகாது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த ஐரோப்பியத் துரைமாரும் தமிழ் கற்றனர். அவர்களுக்கென எழுந்த கையேடுகளில் ஏவல் வினைகளும் வேலை பற்றிய வினாக்களுமே மிகுதி. வேலை வாங்குதற்கு அவ்வளவு மொழி போதுமானதாயிற்று. மறைப்பணியாளரும் நோக்கமின்றி வந்தவரல்லர். சமயம் பரப்புதலே அவர்தம் குறிக்கோள். ஆயினும் பிறர் மனத்தை மாற்ற விழைவோர் அவர் கூறுவதனை முதற்கண் கேட்டாக வேண்டும். கற்கும் நோக்கமே கற்கும் மொழியின் பரப்பினை வரையறுக்கிறது என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படும்.

இச்செய்தி மலேசியத் தமிழாசிரியர்க்கும் உரியது. ஜெஞ்சாரோம், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களில் வீட்டில் ஆங்கிலமோ மலாயோ மிகுதியாகப் பேசும் பிள்ளைகளும் தமிழ் கற்க வருகின்றனர். அவர்களுக்கும் தரங்கம்பாடி ஆசிரியர் அளித்த எழுத்து வேண்டும். அழகப்பன் அளித்த பொருள் விளக்கம் வேண்டும். எலைசாவின் வழியே கால்டுவெல் இல்லம் பெற்றதாகக் கருதத்தகும் பேச்சுச் சூழலும் வேண்டும். முன்னிரண்டினையும் பள்ளி தரும்; மூன்றாவதனைப் பள்ளி தனித்து நின்று ஈடுசெய்தல் அரிது. தேர்வுத்தாளை மட்டும் நோக்கிக் கற்பிக்கப்படும் தமிழும், துரைமார் தமிழைப் போலத் தன் நோக்கத்தின் எல்லைக்குள்ளேயே சுருங்கிவிடும்.

மறைப்பணியாளரின் கடிதங்களிலும் நாட்குறிப்புகளிலும் ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், இல்லத்தார் பற்றிய செய்திகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டி ஆராய்தல் இளம் ஆய்வாளர்தம் கடமையாகும். அயலார் தமிழை வளர்த்தனர் என்று மட்டும் கூறுதல் வரலாற்றின் ஒரு பாதியே. தமிழர் அவர்களுக்குக் கற்பித்தனர் என்பதே மறுபாதி.