எண்ணூரின் காற்றும் சராசரியும்: மாசுக் குறியீட்டுப் படிமுறைகள் குறித்த ஒரு திறனாய்வு

அல்காரிதம் எனப்படும் படிமுறையின் சமூக விளைவுகளைப் பேசும் ஆய்வுகள் பெரும்பாலும் முகமறி கருவி, கடன் மதிப்பெண், சமூக ஊடகம் ஆகியவற்றையே சான்றாக எடுத்துக்கொள்கின்றன. உள்ளீடுகளைக் குறித்த வரிசையில் கையாண்டு ஒரு முடிவைத் தரும் விதித்தொகுப்பே படிமுறை என்னும் அடிப்படை வரையறையை ஏற்றால், அதற்குக் கணிப்பொறி கூடத் தேவையில்லை. இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் துறைமுக, ஆலைப் பகுதியில் வாழ்வோரின் நலம் இத்தகைய இரு சூத்திரங்களோடு பிணைந்துள்ளது. ஒன்று காற்றுத் தரக் குறியீடு. மற்றொன்று விரிவான சுற்றுச்சூழல் மாசுக் குறியீடு. இவை பிழையாகக் கணக்கிடுகின்றன என்பது இங்கு வாதமன்று. கணக்குத் தொடங்கும் முன்பே எவை விடுபடுகின்றன என்பதே வினா.

2015இல் நடைமுறைக்கு வந்த காற்றுத் தரக் குறியீடு எட்டு மாசுகளைக் கருதுகிறது. ஒவ்வொன்றுக்கும் துணைக்குறியீடு கண்டு, அவற்றுள் மிக உயர்ந்ததை நாளின் குறியீடாக அறிவிக்கிறது. கார்பன் மோனாக்சைடு, ஓசோன் ஆகியவற்றுக்கு 8 மணிநேரச் சராசரியும் ஏனையவற்றுக்கு 24 மணிநேரச் சராசரியும் கொள்ளப்படுகின்றன. அம்மோனியாவும் அந்த எட்டில் ஒன்று.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் உர ஆலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத்திணறி வீடுகளை விட்டு ஓடினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஆலை வாயிலில் ஒரு கனமீட்டர் காற்றில் 2090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. அதனோடு ஒப்பிடப்பட்ட 400 என்னும் வரம்போ 24 மணிநேரச் சராசரிக்கு உரியது. அந்த 2090 ஒரு மணிநேரம் நீடித்து, எஞ்சிய 23 மணிநேரமும் காற்றில் அம்மோனியாவே இல்லை எனக் கொள்வோம். நாளின் சராசரி ஏறத்தாழ 87 ஆகும். குறியீட்டு அட்டவணையில் 200 வரை 'நன்று'. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடிய ஒரு தாயின் இரவுக்கு இச்சூத்திரம் வழங்கக்கூடிய சொல் அதுவே. கூட்டலும் வகுத்தலும் சரி. ஒரு நாள் என்னும் அலகுதான் அந்த இரவை விழுங்கிவிடுகிறது.

மாசுக் குறியீட்டின் சிக்கல் இதனினும் ஆழமானது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 88 தொழிற்பகுதிகளை மதிப்பிட்டது. 70ஐத் தாண்டிய 43 பகுதிகளில் புதிய ஆலைகளுக்கான சுற்றுச்சூழல் அனுமதி 2010 ஜனவரியில் நிறுத்திவைக்கப்பட்டது. மணலி 76.32 பெற்று அப்பட்டியலில் நின்றது. 2016இல் சூத்திரம் திருத்தப்பட்டது; 2018 மதிப்பீட்டில் மணலியின் மதிப்பெண் 84.15. திருத்திய முறையில் நூற்றுக்கு 10 மதிப்பெண்ணே உடல்நலத்திற்கு உரியது. அதுவும் நோயாளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு வழங்கப்படுவதில்லை. மருத்துவமனைப் பதிவுகளின்படி நோய்கள் எவ்வளவு பெருகின என்பதைக் கொண்டு வழங்கப்படுகிறது. ஆகவே நெடுங்காலமாக மூச்சிரைப்பு நோய் உயர்ந்த அளவிலேயே நிலைத்துவிட்ட ஓர் ஊர், பெருக்கம் இல்லை என்னும் காரணத்தால் இக்கூறில் மதிப்பெண் பெறாது போகலாம். நோய் பழகிப்போனால் கணக்கிலிருந்து நீங்கிவிடும் என்பதை எந்த மருத்துவரும் ஏற்கமாட்டார். பதிவேடு இல்லாத தெருமுனை மருந்தகத்தோடு சிகிச்சையை முடித்துக்கொள்ளும் கூலித்தொழிலாளி தொடக்கத்திலேயே எண்ணப்படுவதில்லை.

காலத்தைப் போலவே இட எல்லையும் முடிவை மாற்றும். நிலக்கரித் தூசு குறித்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் பிறப்பித்த ஆணையால், சென்னைத் துறைமுகம் நிலக்கரியையும் இரும்புத் தாதையும் கையாள்வது நின்றது. அச்சரக்கு எண்ணூர்த் துறைமுகத்திற்குச் சென்றது. இராயபுரத்திற்கு அது நியாயமான விடுதலை. எனினும் இராயபுரத்தை மட்டும் எல்லையாகக் கொண்ட மதிப்பீடு அதனை மாசு நீக்கம் என்றே பதியும். வடசென்னை முழுவதையும் எல்லையாகக் கொண்டால் அது மாசு இடமாற்றம்.

வேதியியலாளர் செறிவையும், மருத்துவர் நோயையும், சட்டவியலாளர் வரம்பு மீறலையும் தேடுவர். சூத்திரம் இம்மூன்றையும் ஒரே எண்ணாக்கித் தரும்போது, ஒவ்வொரு துறையும் ஏனையவை தத்தம் பகுதியைச் சரிபார்த்துவிட்டன என நம்பி அமைகிறது. 70 என்னும் கோடு ஏன் 65இல் இல்லை என்னும் வினா எந்தத் துறைக்கும் உரியதாக இல்லை. பல்துறை ஆய்வு என்பது பலரின் கட்டுரைகளை ஒரே தொகுப்பில் அச்சிடுவதாகச் சுருங்கிவிட்ட சூழலில் இது வியப்பும் அன்று.

எண்ணூருக்கு வடக்கே, பழவேற்காடு ஏரி மீனவரிடம் 'பாடு' என்னும் முறை உண்டு. மீன்பிடிக்கும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பகிரும் வழக்கம் அது. விதி, உள்ளீடு, முடிவு மூன்றும் உள்ளமையால் அதுவும் படிமுறையே. அதனைப் பொற்காலச் சமத்துவமாகப் போற்றுதல் தவறு. குறிப்பிட்ட சாதியையும் ஊரையும் சார்ந்த ஆண்களுக்கே அதில் பங்கு இருந்துவந்தது. ஆயினும் விலக்கப்பட்டவர் எவர் என்பது அவ்வூரில் அனைவரும் அறிந்த செய்தி. அதனை எதிர்த்து எவரிடம் முறையிடுவது என்பதும் தெரியும். 84.15இல் விடுபட்ட தெருமுனை நோயாளிக்குத் தாம் விடுபட்ட செய்தியே வந்து சேர்வதில்லை.