தனியொருத்தியின் அரங்கு: சாரா கோல்ட்வெலின் கலைப்பணி பற்றிய ஒரு மதிப்பீடு

ஒரு கலைஞரின் தோல்வியை அவரது குணக்குறையின் விளைவாகக் காண்பது எளிது. அவரது வெற்றியை மேதைமை என்று கூறி வணங்கிவிடுவது அதனினும் எளிது. இவ்விரு வழிகளும் விமர்சகனைச் சிந்திக்கும் பொறுப்பினின்றும் விடுவித்துவிடுகின்றன. அமெரிக்க ஒப்பரா உலகில் இசை நடத்துநராகவும் மேடை நெறியாளராகவும் ஒருங்கே விளங்கிய சாரா கோல்ட்வெல் (1924 – 2006) பற்றி எழுதப்பட்டனவற்றுட் பெரும்பாலானவை இவ்விரு வழிகளுள் ஒன்றிலேயே சென்று முடிகின்றன. அவரது பணியை அது நிகழ்ந்த சமுதாயத்துடன் இணைத்து நோக்குவதே இக்கட்டுரையில் நமது முயற்சி.

ஒப்பரா என்பது பாட்டும், வாத்தியமும், நடிப்பும், மேடைச் சித்திரமும் ஒன்றுகூடிய மேற்கத்திய இசைநாடகம். வாத்தியக் குழுவை நடத்துபவர் ஒருவர். மேடையில் மாந்தரை இயக்குபவர் வேறொருவர். இருவருக்குமிடையே பூசல் மூள்வது ஒப்பரா வரலாற்றில் அரிதன்று. இசை ஒரு பொருளையும் மேடை வேறொரு பொருளையும் கூறும் நிலை இதனாலேயே தோன்றுகிறது. இவ்விரு பொறுப்புகளையும் ஒரே கையில் எடுத்துக்கொண்டமையே கோல்ட்வெலின் தனித்தன்மை. மிசூரி மாநிலத்திற் பிறந்து, ஆர்க்கன்சோவில் வளர்ந்து, வயலின் பயின்று, பொஸ்ரன் நகரின் நியூ இங்கிலாந்து இசைக் கல்லூரிக்கு வந்த இவர், பொரிஸ் கோல்டொவ்ஸ்கியிடம் ஒப்பராக் கலையின் நுட்பங்களைக் கற்றார். 1947இல், தமது இருபத்துமூன்றாம் வயதில், வோன் வில்லியம்ஸ் இசையமைத்த ‘கடலுக்குச் செல்வோர்’ என்ற படைப்பை டாங்கிள்வுட்டில் மேடையேற்றினார். மைந்தரையெல்லாம் கடலுக்குப் பறிகொடுத்த ஓர் ஐரிஷ் தாயின் கதை அது. அரசர்களும் தேவர்களும் உலாவும் மேடையிலன்றி, மீனவர் குடிசையிலிருந்து அவரது பயணம் தொடங்கியமை குறிப்பிடத்தக்கது.

1909இல் எழுந்த பொஸ்ரனின் பழைய ஒப்பரா மாளிகை 1958இல் இடித்துத் தள்ளப்பட்டது. செல்வம் கொழித்த நகரொன்று தன் அரங்கைக் காப்பாற்ற விரும்பவில்லை. அதே காலப்பகுதியிலேதான் கோல்ட்வெல் 5,000 டொலர் முதலுடன் தமது ஒப்பராக் குழுவை அமைத்தார். பின்னர் அது பொஸ்ரன் ஒப்பராக் கம்பனி எனப் பெயர் பெற்றது. நிலையான கொட்டகை இல்லாத அக்குழு, பழைய திரையரங்குகளிலும் கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்திலும் தன் நாடகங்களை நிகழ்த்தியது. எங்கே இடம் கிடைத்ததோ அந்த இடத்தின் குறையையே மேடை உத்தியாக மாற்றிக்கொள்ள அவர் கற்றுக்கொண்டார். அவரது புதுமை வசதியின் குழந்தை அன்று, வறுமையின் குழந்தை.

அவர் மேடையேற்றியவற்றை நோக்கின் அக்குழுவின் துணிவு புலப்படும். ஷொன்பேர்க்கின் ‘மோசேயும் ஆரோனும்’ 1966இலும், புரொக்கோபியேவின் ‘போரும் சமாதானமும்’ 1974இலும், ரோஜர் செஷன்ஸின் ‘மொன்ரெசூமா’ 1976இலும், சிம்மர்மானின் ‘போர்வீரர்’ 1982இலும் அமெரிக்க மேடையை முதன்முதலாகக் கண்டமை இவரால்தான். கோடிக்கணக்கில் பணம் புரண்ட பெரிய நிறுவனங்கள், பழகிப்போன இத்தாலியப் படைப்புகளையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்த காலம் அது. புதியதைக் காட்டும் பொறுப்பை ஏழைக் குழுவொன்று சுமந்தது.

இவற்றுள்ளும் நமது சிறப்பான கவனத்துக்குரியது 1965 பெப்ரவரியில் நிகழ்ந்த ‘சகிப்பின்மை’ என்ற படைப்பு. இதனை இயற்றிய லூய்ஜி நோனோ இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். அந்நிய நாட்டுச் சுரங்கத்தில் உழைத்து, ஊர் திரும்ப விழைந்து, வழியில் ஓர் ஆர்ப்பாட்டத்தில் கைதாகி, சித்திரவதைக்கும் தடுப்பு முகாமுக்கும் ஆளாகும் ஒரு தொழிலாளியே இதன் நாயகன். நோனோவுக்கு நுழைவு அனுமதி வழங்க அமெரிக்க அரசு முதலில் மறுத்தது. கலைஞர்கள் குரலெழுப்பிய பின்னரே வழங்கியது. தீவிர வலதுசாரிகளின் எதிர்ப்பும் எழுந்தது. இவற்றுக்கிடையே புரூனோ மதேர்னா இசையை நடத்த, கோல்ட்வெல் அதனை மேடையேற்றினார். பிராக் நகரிலிருந்து வந்த மேடைக் கலைஞர் யோசப் ஸ்வொபோடா தொலைக்காட்சிக் கருவிகளை அரங்கினுட் புகுத்தினார். அவர் பிற்காலத்தில் விவரித்தபடி, வெள்ளையரான பார்வையாளரின் முகங்கள் கமெராவினாற் பிடிக்கப்பட்டுத் திரையிலே காட்டப்பட்டன. பின்னர் படம் தலைகீழாக்கப்பட, வெள்ளை முகங்கள் யாவும் கறுத்துத் தோன்றின. நிறவெறிக்கெதிராக நீக்ரோ மக்கள் வீதியில் இறங்கிப் போராடிக்கொண்டிருந்த ஆண்டு அது. கட்டணம் செலுத்தி மெத்தை நாற்காலியில் அமர்ந்திருந்தவர், தாமும் இக்கதையில் ஒரு பாத்திரம் என்பதை அக்கணத்தில் உணர வேண்டியதாயிற்று. உருவப் புதுமை உள்ளடக்கத்தின் தேவையிலிருந்து பிறக்கும்பொழுது அதன் வலிமை எத்தகையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. வெறும் கண்கவர் வித்தையாக உத்தியைக் கையாள்வோர் இதனைச் சிந்திப்பது நன்று.

பெண் என்ற நிலையும் இங்கு நோக்கத்தக்கது. 1975 நவம்பரில் நியூயோர்க் பில்ஹார்மொனிக் குழுவை, பெண்கள் இயற்றிய இசைப் படைப்புகள் கொண்ட நிகழ்ச்சியொன்றில் அவர் நடத்தினார். 1976 ஜனவரி 13ஆம் நாள் நியூயோர்க் மெற்றொப்பொலிற்றன் ஒப்பராவில் ‘லா திராவியாத்தா’வை நடத்தினார். 1883இல் திறக்கப்பட்ட அந்நிறுவனத்தில் ஒரு பெண் இசை நடத்துநர் நிற்பதற்கு 90 ஆண்டுகளுக்கு மேற் கழியவேண்டியிருந்தது. அதுவும் பாடகி பெவர்லி சில்ஸ் வற்புறுத்தியமையால் நிகழ்ந்தது. சஞ்சிகைகள் அவரை ‘அதிசயப் பெண்’ என்று கொண்டாடின. ஒருத்தியை அதிசயம் என்று கூறிவிட்டால் ஏனைய பெண்களுக்கு வாயில் ஏன் மூடியிருந்தது என்ற வினாவுக்கு விடை கூறவேண்டியதில்லையன்றோ?

இனி மறுபக்கத்தை நோக்குவோம். 1967இல் நாடெங்கும் செல்லும் ஒப்பராக் குழுவொன்றைத் தொடங்கினார். அது கடன்பட்டு விரைவிலேயே குலைந்தது. 1978இல் பழைய திரையரங்கொன்றைத் தமது குழுவின் மாளிகையாக்கினார். அதன் செப்பனிடுதலே பெருஞ் சுமையாயிற்று. 1990ஆம் ஆண்டுப் பருவத்துடன் குழுவின் பணி நின்றது. அம்மாளிகை பல ஆண்டுகள் வெறுமையாய்க் கிடந்து, 2004இல் வணிகக் காட்சிகளுக்காக மீண்டும் திறக்கப்பட்டது. கணக்கு வழக்கில் அவருக்கிருந்த அசிரத்தையே இவ்வீழ்ச்சிக்குக் காரணம் என்பர் பலர். அதில் உண்மை உண்டு. நெறியாளர், நடத்துநர், நிர்வாகி, நிதி திரட்டுநர் ஆகிய யாவும் தாமாகவே இருந்த அவர், பொறுப்பைப் பிறருடன் பகிர்ந்துகொள்ளவில்லை. ஒத்திகைகள் குழம்பின, ஒரு நாள் உன்னதமும் மறுநாள் அரைகுறையுமாக நிகழ்ச்சிகள் அமைந்தன. கூலிக்கு உழைக்கும் வாத்தியக்காரனுக்கும் மேடைத் தச்சனுக்கும் தலைவியின் மேதைமை அடுப்பெரிக்க உதவாது. இதனை நாம் மறைத்தலாகாது.

ஆயின் வினா இத்துடன் முடியவில்லை. கிழக்கு பேர்லினில் வால்ற்றர் பெல்சன்ஸ்ரைன் 1947இல் நிறுவிய கொமிஷே ஒப்பரா, அரசின் ஆதரவுடன், ஒரு படைப்பை மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தது. 1975இல் அவர் மறைந்த பின்னும் அந்நிறுவனம் வாழ்ந்தது. அரசின் கை கலைஞனைத் தாங்குவதோடு சில வேளைகளில் அவன் குரல்வளையையும் நெரிக்கும் என்பதை அறியாதவரல்லர் நாம். எனினும், செல்வரின் கொடையை நம்பி நிற்கும் கலை ஒவ்வோராண்டும் தன் உயிருக்கு இரந்து நிற்கவேண்டியுள்ளது. அமெரிக்க மத்திய அரசு கலைகளுக்கான தேசிய நிதியத்தை 1965இல்தான் அமைத்தது. தனியாள் ஒருவரின் தோளில் ஒரு நகரின் கலைத் தேவையை ஏற்றிவிட்டு, அத்தோள் முறிந்தபின் அவர் பலவீனரென்று தீர்ப்புக் கூறுவது நீதியாகாது.

பிறிதொரு குறையையும் கூறியாதல் வேண்டும். சுரங்கத் தொழிலாளி பொஸ்ரன் மேடையில் இடம்பெற்றான். அவனுக்கு அரங்கின் இருக்கையிலும் இடம் இருந்ததா? நியூ இங்கிலாந்தின் சிற்றூர்களுக்கும் சிறுவர்களுக்கும் ஒப்பராவைக் கொண்டுசெல்ல அவர் முயன்றவர். அம்முயற்சி மதிக்கத்தக்கது. ஆனால் நுழைவுச் சீட்டின் விலையும் ஓய்வு நேரமும் வர்க்கத்தினால் வரையறுக்கப்படும்வரை, நெறியாளர் ஒருவரின் நல்லெண்ணம் அவ்வெல்லையைத் தாண்டிவிட முடியாது.

கோல்ட்வெலின் வாழ்விலிருந்து நாம் பெறும் படிப்பினை இரு திறத்தது. மக்களின் துயரைக் கூறும் கலைக்கு மிக உயர்ந்த உருவச் செம்மையும் இயலும் என்பதை ‘சகிப்பின்மை’ மெய்ப்பித்தது. அத்தகைய கலை நிலைபெறுவதற்குத் தனிமனித ஆற்றல் போதாது. கூட்டுப் பொறுப்பும், சமுதாயத்தின் நிலையான ஆதரவும், அதனைத் தமதெனக் கருதும் மக்கட் கூட்டமும் வேண்டும் என்பதை 1990இல் வெறுமையாகிய அந்த மாளிகை மெய்ப்பித்தது. முன்னதை அவர் தாமே சாதித்தார். பின்னது ஒருவரால் சாதிக்கக்கூடியதன்று.