சவுக்குப் பட்டையில் ஒரு குடித்தனம்

உடப்புசல்லாவைத் தேயிலை மலைகளில் நிழலுக்கு நிற்கும் சவுக்கு மரங்களின் பட்டையை யாரும் நின்று பார்ப்பதில்லை. பார்க்கலாம். இந்த மலைநாட்டில் ஓடையோரத்து ஈர மரங்களில் நீலமும் சாம்பலும் கலந்து, நனைந்த அப்பளம்போல் சில ஒட்டிக் கிடக்கும். பாசி என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அது லைக்கன். உடம்பு பூஞ்சணம், அந்த உடம்புக்குள் சரம் சரமாக நொஸ்டொக் என்ற பக்டீரியா.

பூஞ்சணத்துக்குச் சொந்தமாகச் சமைக்கத் தெரியாது. நொஸ்டொக் வெயிலைக் கொண்டு சர்க்கரை செய்கிறது, காற்றிலுள்ள நைதரசனையும் பிடித்துக் கொடுக்கிறது. நாம் மூட்டை மூட்டையாய் யூரியா கொட்டும் அதே மலையில்! பதிலுக்குக் கிடைப்பது ஒண்ட ஓர் இடம். 1860களில் சுவிஸ் அறிஞர் சைமன் ஷ்வெண்டனர் இந்தக் கூட்டுக் குடித்தனத்தைக் கண்டு சொன்னபோது பூஞ்சணத்தை எசமான் என்றும், உள்ளே உழைப்பதை அடிமை என்றும் வர்ணித்தார். லைக்கன் அறிஞர்கள் பலர் அவரை ஏளனம் செய்தார்கள். லயத்தில் பிறந்தவர்களுக்கு அந்த உவமை சட்டென்று பிடிபட்டிருக்கும்.

எனக்குப் பிடித்தது இந்த லைக்கனின் பொறுமை. பச்சைப்பாசி குடியிருக்கும் வேறுவகை லைக்கனுக்குக் காற்றின் ஈரப்பதமே போதும். நொஸ்டொக்குக்கோ நீர் நீராகவே வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் காய்ந்து சுருங்கி உயிரை அடக்கிக் கிடக்கும். மழை விழட்டும், சிறிது நேரத்தில் உப்பிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும்.

கவ்வாத்துக்குப் பிறகு தேயிலைத் தண்டில் பாசி சுரண்டுவதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் லைக்கன் மரத்தை உறிஞ்சுவதில்லை, பட்டையில் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். சவுக்கு மரத்தையாவது விட்டுவையுங்கள்.